ஆறு பேர் சொன்ன யோசனை

ஒரு மனிதர் முதல் தடவையாகக் கடலோரத்து கோல்ஃப் விடுதிக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் வாத்தியாராகிவிடுவார்கள். குழாய் வால்வு செய்கிற கம்பெனியின் செக்கருக்கு அந்த வாரம் முழுக்க அதுதான் கதி. எதிரில் வருகிறவரெல்லாம் நிறுத்திவைத்து ஒரு யோசனை சொல்லாமல் விடுவதில்லை. அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டக்கூடத் தெம்பில்லாத வாரம் அது.

இருபத்தெட்டு வருஷமாக அவர் செக்கர். பேக்கிங் மேஜையின் கடைசியில் அவருடைய ஸ்டூல். பேக்கிங்காரர் பெட்டியைத் தள்ளிவிட்டு "நாப்பத்தெட்டு" என்பார். செக்கர் அதைக் காதிலேயே வாங்கக் கூடாது. தானே எண்ணி, தன் எண்ணை வாய்விட்டு உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் பெட்டிக்கு டேப் ஒட்டுவார்கள். இதற்குக் கம்பெனியில் எதிர்க்குரல் என்று பெயர். முதலாளி ஒற்றை ஷெட்டில் தொழிலை ஆரம்பித்த நாளிலேயே போட்ட சட்டம். ஒரு நாளைக்கு நானூறு எதிர்க்குரல் என்று வைத்தால் இருபத்தெட்டு வருஷத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பொறுமை கிடையாது.

இப்போது கம்பெனி ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் புதிதாக ஒரு தொழிற்சாலை கட்டியிருந்தது. இங்கிருந்து யார் யாரை அங்கே அனுப்புவது என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் செக்கர் பெயரைப் பென்சிலால் எழுதியிருப்பதை ஸ்டோர்காரர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். திங்கட்கிழமை முதலாளி கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் முடிந்தது கதை.

செக்கரால் போக முடியாது. அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், இப்போதுதான் கம்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நடக்கிறாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. விடிகாலை நாலரைக்கு எழுந்து அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, கஞ்சி காய்ச்சி, பயிற்சி கொடுக்கிற அம்மா வரும்வரை காலை நீவிவிட்டு, பிறகு பஸ் பிடித்து வேலைக்கு ஓடுவார் செக்கர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு தூக்கம் தூங்குவார். இந்த லட்சணத்தில் புது ஊர், புது வீடு, புது ஆஸ்பத்திரி. 

பட்டியல் விஷயத்தை அவர் மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவள் மனசைப் போட்டு உழப்புவானேன், பெயரை எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று நினைத்தார்.

"ஆபீஸ்ல முதலாளி ரூம் வாசலைக்கூட நெருங்க முடியாதுய்யா. வருஷா வருஷம் டீலர்களைக் கூட்டிக்கிட்டு அந்த கோல்ஃப் விடுதிக்குப் போறாருல்ல, அங்க போய்ப் பிடி. கடல் காத்துல மனுஷன் கொஞ்சம் இளகியிருப்பாரு," என்று வழி சொன்னவர் ஸ்டோர்காரர். சொன்னதோடு நிற்காமல் சேல்ஸ் ஆபீசரைப் பிடித்துப் போகிறவர்களில் செக்கர் பெயரையும் சேர்த்துவிட்டார். இப்படியாக, வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட எட்டி உதைத்திராத மனிதர் கோல்ஃப் விளையாட்டுக்குக் கிளம்பினார்.

கிளம்பு முன்னே யோசனைகள் வந்து குவிந்தன. ஸ்டோர்காரரே முதல். தோல் செருப்பு கூடாது, கான்வாஸ் ஷூதான் போட வேண்டும், குதிகால் புல்லைக் குத்தினால் அங்கிருப்பவன் ஆளைத் தூக்கி வெளியே வைத்துவிடுவான் என்றார். தன் மகனுடைய வெள்ளை ஷூவைக் கொண்டுவந்தும் கொடுத்தார். ஒரு சைஸ் பெரிசு. நுனியில் துணி திணித்துக்கொள்ளச் சொன்னார்.

கேன்டீன் அக்கா கோல்ஃபை டிவியில் பார்த்திருக்கிறாள். தொப்பி இல்லாமல் போகாதே, கடற்கரை வெயில் தெரியாமலே சுட்டுவிடும், மூக்குத் தோல் உரிந்து வந்து நிற்பாய் என்று எச்சரித்தாள். மனைவியின் அண்ணன், அவருடைய மச்சான், வேறு ஊரிலிருந்து போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். பெரிய இடத்தில் பசித்தவன் மாதிரி சாப்பிடாதே, ரொம்பச் சிரிக்காதே, ரொம்பச் சிரிக்காமலும் இருக்காதே என்பது அதன் சாரம். முதலாளியின் டிரைவர் மட்டும் உருப்படியாக இரண்டு விஷயம் சொன்னார். ஒருவர் மட்டையை ஓங்கும்போது இருமக்கூடக் கூடாது. குழிக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிற புல்லை மறந்தும் மிதிக்கக் கூடாது.

இரண்டு நாள் அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மச்சினியும் தன் பங்குக்குச் சொன்னாள். "அத்தான், கெஞ்சற மாதிரி கேக்காதீங்க. அக்கா நிலைமையைச் சொல்லுங்க. எனக்காக இல்ல, அவளுக்காகன்னு சொல்லுங்க. அதுக்கு மேல எந்த மனுஷனும் மறுக்க மாட்டான்." அடுத்த அறையில் அக்காவுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். செக்கருக்கு அது நியாயமாகப் பட்டது.

எல்லோரையும்விட முக்கியமான யோசனை, நாலு தடவை அங்கே போய்வந்த சேல்ஸ் ஆபீசருடையது. அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "உங்களை முதலாளி வண்டியில ஏத்தி விடறேன். கார்டு எழுதற வேலை. ஒவ்வொரு குழி முடிஞ்சதும் எத்தனை அடியில முடிச்சேன்னு அவரே சொல்வாரு. அடி குறையக் குறைய நல்ல ஆட்டம். அவர் சொல்றதை எழுதுங்க, அவ்வளவுதான். அவர் எண்றது அவருக்குன்னு ஒரு கணக்கு. புரியுதா? பதினெட்டாவது குழி முடிஞ்சு கையுறையைக் கழட்டுவாரு பாருங்க, அப்பக் கேளுங்க. சரின்னுடுவாரு. அதுவரைக்கும் வாயைத் தெறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் இருப்பதென்ன பெரிய வித்தையா என்று நினைத்துக்கொண்டார் செக்கர்.

வெள்ளிக்கிழமை மதியம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே வெட்டிவிட்ட புல் சரிந்து இறங்கி ஒரு வெள்ளைக் கொடியில் முடிந்தது. அதற்கப்பால் கடல். கட்டிலில் ஆறு தலையணை இருந்தது. ஒரு ஆளுக்கு ஆறு தலையணை எதற்கு என்று யோசித்தபடியே ஓரமாக உட்கார்ந்தவர், கண் விழித்துப் பார்க்கும்போது மறுநாளாகியிருந்தது. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நாலரை மணிதான். பழக்கம் விடுமா? எழுந்து, யாரைத் திருப்பிப் படுக்கவைப்பது என்று தெரியாமல் அறை நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். களைப்பு தீரவில்லை. ஒரு ராத்திரியில் தீருகிற களைப்பா அது.

எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதலாளிக்கு எழுபத்திரண்டு வயசு. கட்டை விரல் தடிமனுக்கு மூக்குக் கண்ணாடி, மஞ்சள் பனியன், ஒற்றைக் கையில் கையுறை. அவரோடு ஆட இரண்டு டீலர்களும் சேல்ஸ் ஆபீசரும். சின்ன பேட்டரி வண்டியில் முதலாளிக்குப் பக்கத்தில் கார்டும் பென்சிலுமாகச் செக்கர். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பந்து கடலுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே காற்று அதைத் திருப்பி வேறு எங்கேயோ போட்டது.

முதல் குழி. "ஆறு போடுய்யா," என்றார் முதலாளி. ஆறுதான். போட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே சரியாக இருந்தது. நாலாவது குழியில் ஒன்றைக் குறைத்துச் சொன்னார். செக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஐந்தாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் வந்த எண்ணை எச்சிலோடு விழுங்கினார். விழுங்கிப் பழக்கமில்லாத மனிதர் பாவம்.

ஏழாவது குழிதான் வினை. முதல் அடியில் பந்து நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் மணல் பள்ளத்தில் விழுந்தது. ஆள் உயரத்துக்கு இறங்குகிற பள்ளம். முதலாளி உள்ளே இறங்கி அடித்தார். மணல்தான் பறந்தது, பந்து அங்கேயே கிடந்தது. மறுபடியும் அடித்தார். பந்து விளிம்பு வரை ஏறி உருண்டு காலடிக்கே வந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. நாலாம் தடவை வெளியே போய் விழுந்தது. டீலர்கள் இரண்டு பேரும் கடலை ரசிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைவிட்டு ஏறி, மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்று, மெல்லத் தட்டி, இன்னொரு தடவை தட்டிப் பந்தைக் குழியில் போட்டார். வண்டியில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அஞ்சு," என்றார்.

"எட்டு," என்றார் செக்கர்.

அவர் சொல்லவில்லை, சத்தியமாக அவர் சொல்லவில்லை. அந்த இருபத்தெட்டு வருஷத்து வாய் சொன்னது. பேக்கிங் மேஜையில் சொல்கிற அதே உரத்த குரல், நாலு பேருக்குக் கேட்கிற குரல். சேல்ஸ் ஆபீசர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஒரு டீலர் இருமினார். செக்கருக்குக் காது இரண்டும் சுட்டது. போச்சு, எல்லாம் போச்சு, பாவி நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எட்டா?" என்றார். பிறகு, "எட்டே போடு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு பதினோரு குழி. ஒவ்வொன்றிலும் முதலாளி எண்ணைச் சொல்லாமல் செக்கரின் முகத்தைப் பார்த்தார். செக்கர் சொன்ன எண்ணை எழுதச் சொன்னார். சேல்ஸ் ஆபீசர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், ஒரு கட்டத்தில் கும்பிட்டே காட்டினார். என்ன பிரயோஜனம்? ஒரு தடவை வாய்விட்ட பிறகு செக்கரால் குறைத்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தபோது நூற்றிருபத்தொன்று வந்தது. போன வருஷம் தொண்ணூற்றாறு என்று டீலர்கள் சொல்லியிருந்தார்கள்.

பதினெட்டாவது குழி முடிந்து முதலாளி கையுறையைக் கழற்றினார். இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றுதான் செக்கருக்குத் தோன்றியது. ஆனாலும் வீட்டை நினைத்துக்கொண்டு வாயெடுத்தார். அதற்குள் முதலாளி அவர் தோளில் கைபோட்டு, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த ஆளைப் பாருங்கய்யா," என்றார் எல்லோரிடமும். "இத்தனை வருஷமா என்கூட இங்க வந்த ஒருத்தன் என் அடியை ஒழுங்கா எண்ணினது கிடையாது. இவன் என் முகத்துக்கு நேரா எட்டுங்கறான். நான் போட்ட சட்டத்தை என்கிட்டயே காட்டறான். புதுத் தொழிற்சாலையில செக்கிங் மொத்தத்துக்கும் இவன்தான் தலைவர். பென்சில்ல எழுதி, போகட்டுமா வேணாமான்னு யோசிச்சுட்டிருந்தேன். இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல."

கைதட்டினார்கள். சேல்ஸ் ஆபீசர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கேளுங்கள் இந்த அநியாயத்தை. ஊரிலிருக்கிறவன் பதவி வேண்டுமென்று தவமிருக்கிறான். வேண்டாமென்று கேட்க வந்தவர் தலையில் தானாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, மச்சினி சொல்லிக்கொடுத்ததைச் செக்கர் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவியின் நிலைமை, கம்பு, பயிற்சி கொடுக்கிற அம்மா, எனக்காக இல்லை ஐயா, அவளுக்காக. முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, படி ஏற வேண்டாத கம்பெனி வீடு தருவதாகவும், முழு நேரத்துக்கு ஒரு நர்ஸ் வைப்பதாகவும், பயிற்சி கொடுக்க ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவங்களுக்காகன்னு சொன்னே. அவங்களுக்கு வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. வீட்ல பேசிட்டு சாப்பாட்டுக்குள்ள வந்து சொல்லு," என்றார்.

செக்கர் புல் சரிவில் போட்டிருந்த பெஞ்சுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். மச்சினி எடுத்து அக்கா காதில் வைத்தாள். அவர் எதையும் மறைக்காமல் பட்டியலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். முதல் தடவையாகச் சொல்கிறார் என்பதே சொல்லும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஷூ, தொப்பி, கார்டு, அஞ்சு, எட்டு எல்லாவற்றையும் சொன்னார். எட்டு என்றதும் மறுமுனையில் மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு அவள் பேசினாள். வியாதிக்குப் பிறகு அவள் பேச்சில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. சின்ன வார்த்தையாக இருந்தால் போதும் அவளுக்கு. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

"எத்தனை பேர்... கிட்ட... யோசனை கேட்ட?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஸ்டோர்காரர், கேன்டீன் அக்கா, மச்சான், டிரைவர், மச்சினி, சேல்ஸ் ஆபீசர். "ஆறு பேர்," என்றார்.

"என்கிட்ட?"

எண்ணிய விரல்களை அவர் மடக்கிக்கொண்டார். அவள் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடும்போது அவசரப்படுத்தக் கூடாது என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருக்கிறாள். கீழே யாரோ பந்தை அடித்தார்கள்.

"நான்... வருவேன். எங்கன்னாலும்... நடப்பேன். எனக்காகன்னு... சொல்லாத. உனக்கு... போகணுமா? அதைச் சொல்லு."

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. ஒன்றரை வருஷமாக எது வந்தாலும் அவள் பெயரைச் சொல்லியே சமாளித்திருக்கிறார். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகாததற்கு அவள், ஓவர்டைம் பார்க்காததற்கு அவள், போன மாதம் மச்சான் ஊருக்குக் கூப்பிட்டதற்கும் அவள். அவளும் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. யோசிச்சுச் சொல்றேன் என்று போனை வைத்தார். வைத்துவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். யோசிக்க ஒன்றும் இல்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

முதலாளி தன் மட்டைப் பையைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"அவ வரேங்கறா, ஐயா."

"அப்புறமென்ன?"

"எனக்குத்தான் முடியல." செக்கர் கடலைப் பார்த்துச் சொன்னார். "அவளைக் காரணம் சொன்னது தப்புங்க. நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். புதுசா ஒரு இடத்துல போய் ஆரம்பிக்கற தெம்பு எனக்கில்ல. அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட முடியல என்ற வார்த்தையை அவர் கம்பெனியில் சொன்னதில்லை. முதலாளி அவசரப்படவில்லை. பெரிய ஷூவுக்குள் திணித்த துணி எட்டிப் பார்ப்பதை அவர் கவனித்திருக்கலாம், ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும்தான்யா," என்றார் கடைசியில். "அந்த மணல்ல நின்னேன் பாரு, அப்பவே எண்றதை விட்டுட்டேன். அஞ்சோட முடிஞ்சிருந்தா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு. அதான் அஞ்சுன்னேன்."

பிறகு முதலாளி, ரெண்டாவது ஷிப்ட் செக்கரை அனுப்புவதாகச் சொன்னார். அவன் அங்கே போய்ப் பெரிய ஆளாகித் திரும்பி வந்து ஒரு நாள் உன் தலைக்கு மேலே உட்காருவான், அன்றைக்கு என்னிடம் வந்து மூக்கைச் சிந்தக் கூடாது என்றார். சிந்த மாட்டேன் என்றார் செக்கர். முதலாளி எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனார். செக்கருக்கு அந்தப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் மறுபடியும் வீட்டுக்குப் போன் போட்டார். போகவில்லை என்று சொல்லிவிட்டதையும், யார் பெயரையும் சொல்லாமல் தன்னால் முடியவில்லை என்றே சொன்னதையும் சொன்னார். இனி ரெண்டாவது ஷிப்ட்காரனுக்குக் கீழே இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். அவள் ம் என்று கேட்டுக்கொண்டாள்.

"இப்பவாவது உன்கிட்ட கேக்கறேன்," என்றார் செக்கர். "நாளைக்கு சாயங்காலம்தான் வண்டி. அதுவரைக்கும் இங்க நான் என்ன பண்ணட்டும்? நீ ஒரு யோசனை சொல்லு."

அவள் வார்த்தையைத் தேடினாள். அவர் காத்திருந்தார். இந்தத் தடவை அதிக நேரம் ஆகவில்லை.

"தூங்கு," என்றாள்.

செக்கர் அறைக்குப் போனார். ஷூவைக் கழற்றினார். அந்தக் கண்ணாடிச் சுவரின் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தார்.